ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள்

கண்ணாடி போடாமலேயே ஐம்பத்து மூன்று வயதைத் தாண்டியவன் நான். வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வேறொன்றும் கிடையாது. வீட்டில் இந்தக் கண்ணுக்கு அவ்வளவாக மரியாதை இல்லை. "எதிர்ல இருக்குற உப்பு டப்பா தெரியாது, ஊரான் கையெழுத்துல புள்ளி மட்டும் தெரியுமாக்கும்" என்பாள் மனைவி.

நாடாளுமன்றத்தின் ஒரே ஓர் இடத்துக்கு மாநிலம் முழுவதும் வாக்களித்த தேர்தல் அது. எனக்குத் தபால் வாக்குப் பிரிவில் வேலை. உறையின் மேல் வாக்காளர் போட்ட கையெழுத்தையும், திரையில் தெரியும் அவருடைய பழைய கையெழுத்தையும் ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்புத் தட்டு. சிவப்புக்குப் போனவர்களுக்கு நான் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். ஏழு நாளுக்குள் நேரில் வந்து என் முன்னால் கையெழுத்துப் போட்டுக் காட்டினால் வாக்கு செல்லும். வராவிட்டால் செல்லாது.

முதல் நாளே பதினொரு உறைகளை ஒதுக்கினேன். மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டி, "கழுகுக் கண்ணு சார் உங்களுக்கு" என்றார். முப்பது வருட உத்தியோகத்தில் என்னை யாரும் ஒரு காக்காயோடுகூட ஒப்பிட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பதினொரு பேரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மணிக்கட்டில் கட்டுப் போட்ட தையல்காரம்மா, கை நடுங்கும் பழைய கணக்கு வாத்தியார் என்று வரிசையாக வந்து, என் மேசைமேலேயே கையெழுத்துப் போட்டார்கள். உறையில் இருந்த அதே கோணல். பதினொன்றும் அசல். "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார்" என்றார் மேற்பார்வையாளர், ரொம்பத் தன்மையாகத்தான். பக்கத்து மேசைப் பெண் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாளும் ஒதுக்கினேன். கடிதங்களைத் தபாலில் போடுவதைத்தான் நிறுத்தினேன். பதிவேட்டில் 'அனுப்பப்பட்டது' என்று எழுதிவிட்டு, அவற்றைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடிதம் போகாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். யாரும் வராவிட்டால் நான் ஒதுக்கியது சரி. என் மூளை இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து நானே பார்த்ததில்லை. மூன்றாவது வாரம் மேற்பார்வையாளர் என்னை மறுபடியும் கழுகு என்றார்.

நான் யாரிடமும் கைநீட்டி எதுவும் வாங்கவில்லை. எந்தக் கட்சிக்காரனும் இல்லை. உறைகளைப் பிரிக்கவே இல்லையே, யாருக்குப் போட்டார்கள் என்று எனக்கென்ன தெரியும்? ஜெயித்தவர் எண்ணூற்றுச் சொச்சம் வாக்கில் ஜெயித்தார். என் துணி அலமாரியிலிருந்து நீங்கள் எடுத்த கடிதங்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. மாநிலத்தின் தலைவிதியை ஒரு பழைய ஸ்வெட்டருக்கு அடியில் வைத்திருந்தேன் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். ஸ்வெட்டர் அப்படியொன்றும் பழையதில்லை.

அவற்றில் ஒன்று மச்சானுடையது. மனைவியின் அண்ணன், பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் ஃபோன் செய்தார்.

"மாப்ளே, என் ஓட்டு வந்து சேந்துச்சா?"

"வந்துடுச்சு மச்சான்."

"ஏதாச்சும் கோளாறுன்னா லெட்டர் வருமாமே. வந்தா நாலு பேரப் புடிச்சாவது கெளம்பி வந்துருவேன். வேற எதுக்கும் லாயக்கில்லன்னு ஆயிடுச்சு, இது ஒண்ணாவது கணக்குல வரட்டும்."

"லெட்டர் வரலைன்னா செல்லும்னு அர்த்தம் மச்சான்."

ஏழு நாளும் கடிதம் வரவில்லை என்று அவர் சந்தோஷமாக இருந்ததாக மனைவி சொன்னாள். கேட்டு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சொந்தக்காரர் என்பதற்காக விட்டுக்கொடுத்தால் மற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? திரையில் இருந்தது வலது கைக் கையெழுத்து. உறையில் இருந்தது அதைப்போல இல்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அது அவருடையதா என்று எனக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை மேடம். அவர் அதைப் போட்டபோது, உறை நழுவாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தவன் நான்தான்.