மணல் வாளிக்குள் இருந்த தவளை

1. மழை வந்ததால் பட்டாசு ஆலையைப் பாதி நாளில் விட்டுவிட்டார்கள்.
2. விருதுநகர் போகும் பேருந்தில் ஆமத்தூரில் ஒரு பெண் ஏறினாள்.
3. என் முன் இருக்கையில் கேமரா பையோடு இருந்தவளிடம், "மதினி, நீங்க தேடுற தவளை எங்க ஆலைத் தீயணைப்பு மண்ணு வாளியில இருக்கு," என்றாள்.

"ஏ புள்ள, நெசமாவா?"

"கூரைத் தண்ணி விழுந்ததும் வாளி மண்ணு தானா அசைஞ்சுச்சு. உருண்டையா எந்திரிச்சு வந்துச்சு. முதுகுல செங்கல் நெறத்துல கோலம். பங்குனியில நெரப்புன மண்ணு மதினி! அம்புட்டு நாளும் உள்ளயே இருந்திருக்கு."

"மூணு வருசமா கம்மாய் கம்மாயா அலையுறேன். படம் எடுத்தியா?"

"போனத்தான் கேட்லயே வாங்கி வச்சிருவாகளே."

"கேட்டுக்குத் தூக்கிட்டு ஓடியாந்திருக்கலாம்ல?"

"கை பூரா பட்டாசு மருந்து. தொட்டா அதோட ஈரத்தோலு எரியும்னு நீங்கதான சொன்னீக?"

"பெறகு?"

"எங்கள வெரட்டுற ஃபோர்மேனே அப்பிடியே நின்னுட்டாரு. அது எங்களப் பாத்துக்கிட்டே, பின்பக்கமாவே மண்ணுக்குள்ள எறங்கிருச்சு."

"பின்பக்கமாவா!" மதினி கேமரா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

படம் இல்லை. தவளை ஆலைக்குள் மணல் வாளியில் இருக்கிறது. கேமராவுக்கு அந்தக் கேட்டுக்குள் அனுமதி கிடையாது.