சைராவின் வகிட்டில் பொன்தூள்

“பூவுல ஒண்ணும் இல்ல காலா. நல்ல பூதான்,” என்றேன்.

“பூவ யாருடி கேட்டா? தலையில இன்னா பூசின? அத்த சொல்லு.”

அக்தரி காலா என் அம்மாவின் அக்கா. அவர் மகள் சைராவுக்கு நேற்று நிக்காஹ். அலங்காரம் செய்தது நான். சைரா உள்ளே படுத்திருந்தாள். காலா கதவை மறித்து நின்றார். கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னேன்.

ஆம்பூர் மணப்பெண்கள் இப்போது மெட்ராஸ் மோஸ்தரில் புடவையும் புரோச்சுமாக உட்காருகிறார்கள். சைராவுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் கூடத்துக் கண்ணாடிப் படத்தில் நவாபு காலத்து மணப்பெண் ஒருத்தி இருக்கிறாள். முகத்தை மறைக்கும் பூச்சரம், பல்லில் கறுப்பு மை, வகிடு நெடுக அஃப்ஷான் என்கிற பொன்தூள்.

“அவள மாரியே என்ன ஆக்கிடு அஜீ,” என்றாள்.

அஃப்ஷான் போதவில்லை என்று முதலில் காலாவிடம் சொன்னேன். அது பொய். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த டப்பி என் தலையணைக்கடியில் இருக்கிறது. நான் பூசியது அப்பாவின் தோல் கிடங்கிலிருந்து எடுத்த அரிதாரம் என்கிற மஞ்சள் பாஷாணத் தூள். அதுவும் பொன்னாகத்தான் மின்னும். ஒட்டிக்கொள்ளச் சுண்ணாம்பில் குழைத்தேன். ஆட்டுத்தோலில் மயிர் கழல ஆட்கள் பூசுவதும் அந்தக் குழம்புதான்.

“ஏன்டி எரியுது?” என்றாள் சைரா.

“நவாபு பொண்டாட்டின்னா சும்மாவா? பொறுத்துக்க.”

“போடி, அந்தக் காலத்துப் பொண்ணுங்க பாவம்,” என்று சிரித்தாள்.

நிக்காஹ் முடியும்வரை பூச்சரத்தை அவிழ்க்கக்கூடாது, அது பழைய வழக்கம் என்றேன். அந்த வழக்கம் நான் உண்டாக்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சரத்தைத் தூக்கியபோது முடியும் கூடவே வந்தது. மாப்பிள்ளை முனீர் அகமதுவின் ஆட்கள் சாப்பிடாமலே, பெண்ணை விட்டுவிட்டு வேலூருக்குத் திரும்பினார்கள்.

அவன் அவளை ரங்கூனுக்கு அழைத்துப் போகவிருந்தான். மத்தியானங்களில் சைரா என் மடியில் தலைவைத்துப் படுக்க, நான் அவளுக்கு ருஷ்ய, பிரெஞ்சுக் கதைகளின் மொழிபெயர்ப்புகளை வாசித்துக் காட்டுவேன். அவற்றில் தோழியைப் பிரியவிடாத பெண்கள் வருவார்கள். முடியில்லாத பெண்ணைக் கப்பலேற்ற மாட்டார்கள் என்று நினைத்தேன். முடி திரும்ப வளரும் என்றும் நினைத்தேன். குழம்பு வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கும் என்று மட்டும் நினைக்கவில்லை.

“தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்லிடுடி,” என்றார் காலா. அவர் குரல் கெஞ்சியது.

முந்தின நாள் ஒரு துண்டுத் தோலில் பூசிப் பார்த்ததைச் சொன்னேன். தரையைப் பார்த்தபடிதான் சொன்னேன். வெந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்திருந்தேன். உள்ளே சைரா முனகினாள். யாரோ அவள் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“அவங்க முரட்டுத்தனமா தேய்ப்பாங்க காலா. என் கை பட்டா அவளுக்கு வலிக்காது. ஒரு வாட்டி உள்ள வுடுங்க.”