கெர்லிண்டே அம்மையார் ஒட்டிய தாள்

தமிழ்ச் சங்கத் தலைவர் தில்லைநாதன் அண்ணை அவர்களுக்கும், அவருக்குப் பக்கத்தில் மாலையோடு இருக்கும் என் தம்பி நித்தியானந்தனுக்கும், சோலோதுர்னிலும் பாடனிலும் இருந்து வந்து இந்த அஞ்சலிக் கூட்டத்தில் மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தில்லைநாயகியின் வணக்கம்.

இன்று நூறு பேருக்கு மேல் இருக்கிறீர்கள். போன மாதம் பன்னிரண்டாம் திகதி, நாவலாசிரியர் கெர்லிண்டே ஹார்ட்விக் அம்மையாரை அடக்கம் செய்த அன்று எத்தனை பேர் இருந்தோம்? பெயர் சொல்கிறேன், கேளுங்கள். அம்மையாரின் தங்கை மகள் உர்சுலா. அவருடைய புத்தகங்களைப் போட்ட இம்ஹோஃப் என்ற பெண். கீழ்வீட்டுத் தபால்காரர் ரெட்டோ. என் பேத்தி ஹரிஷா. நான். ஐந்து பேர். பெட்டியை இறக்கும்போது குடை பிடிக்க ஒரு கை குறைந்தது. இந்தச் சங்கத்தின் கை ஒன்றாவது அங்கே இருந்ததா? பத்திரிகையில் பெரிய படம் வந்த பிறகுதானே உங்களுக்கு அவரை நினைவு வந்தது?

என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதி மட்டும் என்னிடம் இல்லை.

அம்மையார் ஜெர்மனிக்காரி. காசல் நகரத்தில், இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வருடம் பிறந்தவர். தகப்பன் சண்டையிலிருந்து திரும்பவில்லை. வீரனாகச் செத்தான் என்றுதான் தாய் சொல்லி வளர்த்தாள். முப்பது வயதில் பழைய கடதாசிகளைத் தேடிப் படித்து, தகப்பன் வீரன் இல்லை, நிராயுதபாணிகளைச் சுட்டவன் என்று கண்டுபிடித்தார். அதை வைத்து முதல் நாவலை எழுதினார். தாய் கதவைச் சாத்தினாள். தாயின் செத்தவீட்டுக்கும் வர வேண்டாம் என்று தாய்மாமன் எழுதினார். அப்படித்தான் அவர் சுவிசுக்கு வந்தார். ஏழு நாவல், மூன்று கட்டுரைப் புத்தகம். இங்கேயும் வாயைத் திறந்தால் ஜெர்மன்காரி என்று கடைக்காரன் முகத்தைத் திருப்புவான். எங்களைப் போல அவரும் வதிவிடப் பெர்மிட்டை உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தவர்தான்.

2006 இலிருந்து வியாழக்கிழமைகளில் நான் அவர் வீடு துப்புரவாக்கப் போனேன். என்னைக் கூட்ட விட்டுத் தான் எழுதுகிறவர் அல்ல அவர். பத்து மணிக்கு இருத்தித் தேத்தண்ணி தருவார். என் ஜெர்மனும் அவர் தமிழும் சேர்ந்தால் ஒரு முழு வசனம் வராது. ஆனாலும் கதைத்தோம்.

என் மகள் சுகந்தியை உங்களில் பலருக்குத் தெரியும். இன்டர்லாக்கனில் ஹோட்டல் அடுப்படியில் நின்றவள். புருசன் சிவநேசன் அடித்தான். அவள் மூன்று தரம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். முதல் தரம் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசி அனுப்பினார்கள். இரண்டாம் தரமும் அவர்கள்தான். மூன்றாம் தரம் பெரியவர்கள் யாரும் வரவில்லை. நான்தான் அனுப்பினேன். சோறு கட்டிக் கொடுத்து, ரயிலேற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போ என்றேன். ஒன்பதாம் நாள், 2010 மார்ச்சில், அவள் ஆரே ஆற்றில் இறங்கி உயிரை விட்டாள். ஹரிஷாவுக்கு ஒன்பது வயது.

அடுத்த வருடம் அம்மையார் ஹோட்டல் அடுப்படிப் பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதத் தொடங்கினார். சுகந்தியின் கதையைச் சொல்லுகிறேன் என்று நானாகத்தான் கேட்டேன். பேர்னிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளப் பெண்ணைக் கூப்பிடுவோம் என்றார் அவர். நான் மறுத்தேன். "வெளியாளுக்கு முன்னால வீட்டுக்கதை கதைக்க ஏலாது. என்ர தம்பி வரட்டும்" என்றேன். உங்கள் எல்லோருடைய பெர்மிட் கடிதத்தையும் எழுதித் தந்த தம்பி. அவனை நம்பாமல் யாரை நம்புவது?

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. சோறு கட்டியதையும் சொன்னேன். அம்மையாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சொன்னவரை மறுபடி இருத்தி, எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டுவார். நீங்கள் ஓம் என்று சொல்லாத வசனத்தை அந்த இடத்திலேயே வெட்டுவார். எனக்கும் வாசித்தார். தம்பி தமிழில் சொன்னான். நான் சொன்னது நான் சொன்னபடியே இருந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் ஓம் என்றேன்.

2012 இல் புத்தகம் வந்தது. எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. அட்டையைத் துடைத்து சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று வருடம் பூ வைத்தேன்.

பதினான்கு வயதில் ஹரிஷா அதை எடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டு வந்து என் முன்னால் நின்று கேட்டாள்: "அம்மம்மா, அப்பா அடிச்சதை நான் கண்ணால கண்டனான். அம்மாக்கு ஹார்ட் வருத்தம், ரெண்டு பேரும் சந்தோசமா இருந்தவை எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணினேன். அவள் நம்பவில்லை. அச்சில் இருக்கிறதே. பிறகு என்னோடு பேச்சில்லை. ஒரே வீட்டில், ஒரே குசினியில், ஆறு கிழமை. தாயை இழந்த பிள்ளைக்கு மிச்சமிருந்தது நான் ஒருத்தி. என்னையும் பொய்க்காரி என்று அவள் நினைத்துக்கொண்டு இருந்தாள்.

தம்பியிடம் போனேன். அம்மையாருக்கு ஜெர்மனில் ஒன்றும் எனக்குத் தமிழில் வேறொன்றும் சொன்னதை அவன் மறுக்கவில்லை. "அக்கா, உங்கட மானத்தைத்தான் காப்பாத்தினனான். பெத்த தாய் திருப்பி அனுப்பினவ எண்டு ஊரெல்லாம் வாசிக்கவோ?" என்றான்.

நான் அதைத்தானே வாசிக்கச் சொன்னேன்!

ஹரிஷாவை இழுத்துக்கொண்டு அம்மையாரிடம் போனேன். நான் தமிழில் சொல்ல, பிள்ளை ஜெர்மனில் சொன்னாள். சோறு கட்டிய இடம் வந்ததும் பிள்ளை நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு அதையும் சொன்னாள். அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தம்பியைத் திட்டுவார் என்று பார்த்திருந்தேன். அவர் சொன்னதை ஹரிஷா எனக்குச் சொன்னாள்: "பிழை தன்னிலயாம் அம்மம்மா. ரெண்டு தரம் கேட்டவவாம், ஆனா ரெண்டு தரமும் ஒரே வாயாலயாம்."

எழுபத்தேழு வயது. ஏழு நாவல் எழுதிய பெயர். பேசாமல் இருந்திருக்கலாமா இல்லையா? புதிய பதிப்புக்கு வழியில்லை என்று பதிப்பகம் சொன்னது. விற்காமல் கிடந்த முந்நூற்று நாற்பது புத்தகத்தையும் வீட்டுக்கு எடுப்பித்தார். ஒரு தாள் அச்சடித்தார். அடிப்பதற்கு முன் அதை எனக்கு இரண்டு தரம் வாசிப்பித்தார். ஒரு தரம் ஹரிஷா, மறுதரம் நான் வேண்டாம் என்ற அந்தப் பேர்ன் பெண். இந்தப் பெண் நோயால் சாகவில்லை, அடி தாங்காமல் மூன்று தரம் ஓடிவந்தாள், மூன்றாம் தரம் அனுப்பியது தாய், இதைத் தாயே சொன்னாள், நான் சரியாகக் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. ஹரிஷா மடித்தாள், நான் பசை தடவினேன், அம்மையார் ஒவ்வொன்றாக ஒட்டினார். இரண்டாம் நாள் பின்னேரம் ஹரிஷா கேட்காமலே எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள்.

அதற்கு இந்தச் சங்கம் என்ன செய்தது? ஆண்டுவிழாவில் அவருக்குப் பொன்னாடை என்று நோட்டீஸ் அடித்திருந்தீர்கள். அந்த வரியைக் கறுப்புப் பேனையால் அழித்தீர்கள். வெள்ளைக்காரியைக் கொண்டு எங்கள் ஊத்தையைச் சந்தியில் கொட்டினாயே என்று தலைவர் அண்ணை என்னிடம் கேட்டார். அண்ணை, நான் மறக்கவில்லை. அழைப்பு அழிந்ததை அறியாமல் அம்மையார் பிஸ்கட் பெட்டியோடு விழாவுக்கு வந்தார். ஒருவர் கதிரை கொடுத்தீர்களா? ஹரிஷா எழுந்து தன் கதிரையைக் கொடுத்தாள். இன்று அவர் படத்துக்கு மூன்று மாலை!

அவர் வேலையைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் சொன்னார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமைகளில் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். சொல்ல வேண்டியதை வைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் வாருங்கள். ஹரிஷா எழுதுவாள். பேர்ன் பெண் வாசித்துக் காட்டுவாள். உங்கள் தம்பி, அண்ணன், மச்சான் ஒருவரையும் உள்ளே விட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. அம்மையார் ஆஸ்பத்திரியில் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அப்போதே கொடுத்துவிட்டேன். சிவநேசனை மன்னிப்பது சுகந்தியின் பாடு. அவள் இல்லை, அதனால் அவனுக்கு மன்னிப்பும் இல்லை. என்னை மன்னிப்பது ஹரிஷாவின் பாடு. அவள் இன்னும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. என் வாயிலிருந்து என் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைத்தது எனக்குச் செய்தது. அதை மன்னிப்பதோ விடுவதோ என் பாடு. எனக்குப் பிறகு நன்றியுரை சொல்ல எழும்பப் போகிறவர் அதைத் தெரிந்துகொண்டு எழும்பட்டும். நான் மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் நித்தியானந்தன்.