நாலில் ஒரு பங்கு

எனக்குச் சீனி போடாத பிளேன்டீ போதும். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம்.

பல்கலைக்கழக விசாரணைக் குழு கேட்டதால் ஒழுங்காகவே சொல்கிறேன். என் பெயர் ரஸீன். கண்டியில் கணிதம் படிப்பிக்கிறேன். இருபது வருஷமாக ஒரே கணக்கோடு மாரடிக்கிறேன். சனம் நிறைந்த இடத்தில் பரம்பரைக் குறையொன்று தோன்றினால் காலப்போக்கில் கழிந்துவிடும். சிறிய கூட்டத்தில் எது கழியும், எது நிலைக்கும் என்பது பெரும்பாலும் தற்செயல்தான். தலைமுறைக்குத் தலைமுறை குறைகள் சேரும். அந்த வேகத்துக்கு நான் ஒரு சமன்பாடு எழுதினேன். கடதாசியில் சரி, மனிதரில் காட்டுங்கள் என்று சஞ்சிகைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

அலவத்துகொடைக்குப் பக்கத்தில் எங்கள் சிற்றூர். பெரும்பாலும் சொந்தத்துக்குள்ளேதான் சம்பந்தம். நம்ம ரஸீன் சேர் கேட்கிறார் என்று முந்நூறு பேர் கை நீட்டி இரத்தம் கொடுத்தார்கள். யாருடைய சோதனை முடிவையும் யாருக்கும் சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாக்கை இன்றுவரை மீறவில்லை.

என் தங்கை ஹபீலாவின் மகள் ஷஹ்மாவிடம் ஒரு பரம்பரைக் குறை இருந்தது. என் நானா, அதாவது மூத்த சகோதரரின் மகன் ஃபாஸிலிடமும் அதே குறை. ஒருவரிடம் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. தாய், தகப்பன் இருவரிடமும் இருந்தால் நாலில் ஒரு பிள்ளை ஒரு வயதைத் தாண்டாது. என்னிடமும் அது இருந்தது. எனக்குப் பேசியிருந்த சம்பந்தத்தை மெல்லக் கைவிட்டேன்.

அந்த இருவருக்கும் கலியாணப் பேச்சு வந்தபோது ஹபீலா என்னிடம்தான் வந்தாள்.

"நானா, நீங்க படிச்சவங்க. சொந்தத்துக்குள்ள முடிச்சா புள்ளைகளுக்கு ஏதும் வருமா?"

"ஒண்டும் வராது. பயப்படாம முடிங்க."

ஷஹ்மாவின் பிள்ளைக்கு மஸாஹிரா என்று பெயர் வைத்தார்கள். பதினொரு மாதம் இருந்தாள். என் விரலைப் பிடித்தால் விடவே மாட்டாள். மையித்தை அடக்கம் செய்ய எடுத்தபோது நான் அழுதது நடிப்பில்லை. "மாமா, நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று ஷஹ்மா கேட்டாள். அல்லாஹ்வின் நாட்டம் என்றேன்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்பந்தத்தை முதலில் பேசியதே நான்தான். இரு பக்கமும் குறையுள்ள சோடி ஊரில் வேறு இல்லை. என் கணக்குக்கு ஒன்று தேவைப்பட்டது. நானாவிடம் எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

ஷஹ்மாவுக்கு மறுபடியும் ஐந்து மாதம். அவளிடம் சொல்லத்தான் வேண்டுமென்றால், பிள்ளை பிறந்து ஒரு வருஷம் போகட்டும். ஒரு பிள்ளையை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது.