பிடிக்கு அடியில் இருந்த நீலம்

அந்தத் துப்பாக்கிய வெறுங்கையால எடுக்காத மாப்ள. கையுறை அந்த டப்பாவுல இருக்கு பாரு, வெள்ளைத் துணி. ம், ரெண்டு கையிலயும் போட்டுக்க. லாரி ஸ்டியரிங்கப் புடிச்ச கை, அதுல எத்தன ஊரு வேர்வை இருக்கோ. கோவிச்சுக்காத. உங்கக்கா இருந்தப்ப அவளுக்கும் இதே சட்டம்தான். அவ அத மீறப் போய்த்தான இவ்வளவும்.

சரி, பெட்டிய இப்படித் தள்ளு. அட, பெட்டியும் அசலா? மூடி ஓரம்கூட கிழியல. எங்க கெடச்சுது? செத்துப்போன ஒரு தையக்காரர் வீட்டு அலமாரியிலயா. பாத்தியா, அருமை தெரியாதவன் வீட்லதான் இதெல்லாம் பத்திரமா இருக்கும். அவர் சம்சாரம் சும்மா தூக்கிக் குடுத்துட்டாங்களா? ஓ, உங்கக்கா கதையச் சொன்னியா. அழுதாங்களா. அது சரி. ஊரு ஊரா லாரி ஓட்டறவன், ஊரு ஊரா சொல்லியிருப்ப.

உக்காரு, ஏன் நிக்கற. நீ இந்த ரூமுக்குள்ள வந்ததே இல்லல்ல. மொத்தம் பத்தொம்பது. எல்லாமே காத்துத் துப்பாக்கி, வெடிமருந்து கிடிமருந்து ஒண்ணும் கெடையாது. குழல மடக்கினா உள்ள ஸ்பிரிங் இறுகும். விசைய இழுத்தா காத்து ஈயக் குண்டத் தள்ளும். டப்புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு காக்காகூட சாவாது. இந்தப் பொம்மைக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டமான்னு பாக்கற, தெரியுது. கல்யாணமான புதுசுல அவளும் இப்படித்தான் பாத்தா.

இதுல எது உசுரு தெரியுமா? இந்த நீலம். இங்க வா, ஜன்னல் பக்கம் திருப்பு. முதல்ல கறுப்பாத் தெரியும், வெளிச்சம் பட்டதும் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடும். அது பெயின்ட் இல்ல மாப்ள, இரும்புலயே ஏத்தின நெறம். துரு இருக்கலாம், கீறல் இருக்கலாம், ஸ்பிரிங் செத்தே போயிருக்கலாம். நீலம் போச்சுன்னா அது துப்பாக்கி இல்ல, வெறும் இரும்பு.

இதே மாடல்தான் அன்னிக்கு நான் வாங்கிட்டு வந்தது. ஒரே ஒரு வருஷம் பண்ணிட்டு நிறுத்தின மாடல். எங்க சங்கத்துல, சங்கம்னா என்னை மாதிரி கிறுக்கனுங்க ஏழு பேரு, ஒருத்தன்கிட்டயும் கெடையாது. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். சனிக்கிழமை நான் ஆபீஸ் போயிருந்த நேரத்துல உங்கக்கா, கதவுக் கைப்பிடி தேய்க்கற பித்தளை பாலிஷும் பழைய துணியும் எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கா. மத்தியானம் முழுக்க. நான் உள்ள வரும்போது விரலெல்லாம் கறுப்பா, மூஞ்சி பூரா சிரிப்பா நிக்கறா. பாருங்க, முகம் பாக்கலாம்ங்கறா. குழல்ல கறுப்பும் இல்ல, நீலமும் இல்ல, வெறும் வெள்ளை இரும்பு.

இல்ல, அடிக்கல. யாரு சொன்னா அடிச்சேன்னு? சத்தம்கூடப் போடல. ஞாயித்துக்கிழமை வந்த ஆறு பேரு முன்னாடியும் அவளக் கூப்பிட்டு, கையுறைய மாட்டிவிட்டு, நீயே எடுத்துக் காட்டும்மான்னு சொன்னேன். காட்டினா. ஒருத்தன் சிரிச்சான், அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அத சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவர்ல ஆணி அடிச்சு மாட்டினேன், அவ உக்கார்ற நாற்காலிக்கு நேரா. வர்றவன் போறவன் எவன் கேட்டாலும், எங்க வீட்டு அம்மா கைவண்ணம்னு சொல்லுவேன். நீயே ஒரு தடவ கேட்டுட்டு சிரிச்ச, ஞாபகம் இருக்கா? இல்லியா. அவளுக்கு இருந்துச்சு.

பேசல, அது உண்மைதான். பத்து வருஷம். டீ வேணும்னா டம்ளர மேஜையில டக்குன்னு வைப்பேன், புரிஞ்சுக்குவா. கெட்டிக்காரி. அதுக்கப்புறம் அவ எதையுமே தேய்க்கல, கவனிச்சியா? அந்தக் கதவுக் கைப்பிடி எப்படிக் கறுத்துக் கெடக்குது பாரு. இந்த ரூம பெருக்க வந்தாலும் வாசப்படியோட நின்னுடுவா. அந்த மொத வருஷத்துலயே ஒரு நாள் நீ போன் பண்ணப்ப எனக்குக் கேக்காதுன்னு நெனச்சு குசுகுசுன்னு சொல்றா, தம்பி, எங்கயாவது அதே மாதிரி ஒண்ணு கெடச்சா வாங்கிட்டு வாடா, அவரு மனசு ஆறிடும்னு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஆஸ்பத்திரியிலயா? கேட்டா. கடைசி வாரம். மூக்குல குழாயோட, மனசுல ஒண்ணும் வச்சுக்கலியேங்கன்னு கேட்டா. அன்னிக்குத்தான் பத்து வருஷத்துல மொதமொதலா வாயத் தொறந்தேன். உன் தம்பி கொண்டு வரட்டும், அப்புறம் பாக்கலாம்னேன். அதப் புடிச்சுக்கிட்டுத்தான நீ, அவ போயும் ரெண்டு வருஷம் விடாம தேடியிருக்க. உன்னை மெச்சணும்டா.

இரு, அதுக்குள்ள என்ன அவசரம், பாக்கறேன். இந்த மரப்பிடி இருக்குல்ல, இதுல ஒரே ஒரு ஸ்க்ரூ. அதக் கழட்டினா அடியில இரும்பு தெரியும். கை படாத எடம், காத்துப் படாத எடம், துணி பாலிஷ் எதுவும் எட்டாத எடம். அசலா போலியான்னு அங்கதான் எழுதியிருக்கும். ம்... பாரு. உள்ளயும் அதே நீலம், ஒரு சொட்டு கொறையல. ஒசத்தி மாப்ள. நெஜமாவே ஒசத்தி. நீ ஜெயிச்சுட்ட.

என்ன சொல்லணும்? அவ படத்துக்கு முன்னாடி நின்னு? ஒரு வார்த்தை, மன்னிச்சுட்டேன்னு. அவ்வளவுதானா. அதுக்காகவா பன்னெண்டு வருஷம்.

இந்தா, இந்த ஸ்க்ரூ டிரைவரப் புடி. போயி, சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவர்ல மாட்டியிருக்கறத எறக்கிட்டு வா. அதான், அவ தேய்ச்சது. அதோட பிடியையும் கழட்டு. நீயே கழட்டு. மெதுவா, ஸ்க்ரூ உருண்டு ஓடிடும். அடியில என்ன தெரியுது? நீலம் இல்லல்ல. அரம் போட்ட தடம், துரு தின்ன குழி, அதுக்கு மேல அப்பின கறுப்புச் சாயம். உங்கக்கா பாலிஷ் அங்க எப்படி எட்டும்?

அதான் விஷயம். எனக்கு வித்தவன் சாயம் அடிச்சுத்தான் குடுத்திருக்கான். அதுல நீலம்னு ஒண்ணு இருந்ததே இல்ல, அவ போக்கடிக்கறதுக்கு. நெஜ நீலம்னா ஒரு மத்தியானத்துல துணியோட வந்துடுமா?

எப்பவா? மூணாவது மாசமே பாத்துட்டேன். ஒரு செவ்வாக்கெழம. அவ அடுப்படியில இருந்தா. திரும்ப ஸ்க்ரூவ முறுக்கி ஆணியில மாட்டிட்டேன். பின்ன என்ன பண்ணச் சொல்ற? இருபது வருஷமா அந்தச் சங்கத்துக்காரனுங்களுக்கு அசல் எது போலி எதுன்னு பாடம் எடுத்தவன் நான். பொண்டாட்டி கெடுத்துட்டான்னா பரிதாபப்படுவாங்க. நான் ஏமாந்தேன்னா? அதோட, வீடும் அமைதியா இருந்துச்சு. டீயும் நேரத்துக்கு வந்துச்சு.

ஏ மாப்ள, நீ கொண்டு வந்தத ஏன் எடுக்கற? கீழ வை. கையுறைய எப்பக் கழட்டின? சரி சரி, அழு. குனியாம அழு, குழல் மேல விழுது பாரு. அந்தத் துணியால ஒத்தி எடு. கண்ணீர்ல உப்பு இருக்கு, நீலத்தத் தின்னுடும்.