தனக்கே பூட்டுப் போட்ட அக்காவுக்கு

பணி நிறைவு காணும் எங்கள் வெளியீட்டுப் பிரிவின் மூத்தவரே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் முன்னின்றவரே! மாற்றம் எதுவும் மறைவில் நிகழலாகாது என்று மன்றாடியும் மல்லுக்கட்டியும் எங்களை வழிக்குக் கொண்டுவந்தவரே! உடன் உழைத்தோர் அனைவரின் வணக்கமும் தங்களுக்கு உரியதாகுக.

தங்களுக்கு நாங்கள் இட்ட பெயர் பூட்டக்கா. இட்ட நாளில் அது கேலி. இன்று அது பட்டம். மருத்துவமனைகள் மருந்துக் கிடங்குகளுக்கு ஆர்டர் அனுப்பும் மென்பொருள் எங்களுடையது; யாருடைய கணினியிலும் இல்லாமல் கிளவுடில் இருந்து ஓடுவது. முன்பெல்லாம் அதற்குள் யார் வேண்டுமானாலும் புகுவார், ஒரு கட்டத்தைச் சேர்ப்பார், ஒரு விதியைத் திருத்துவார், மறுநாள் கேட்டால் மழுப்புவார். ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாட்டும் வித்தையில் எங்களுக்கு அத்தனை பெருமை. அந்த அலங்கோலத்துக்குள் தாங்கள் வெர்ஷன் கண்ட்ரோல் என்னும் மாற்ற வரலாற்றைக் கொண்டுவந்தீர்கள். யார் மாற்றினார், எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று முதலில் எழுத வேண்டும். இன்னொருவர் படித்து ஒப்ப வேண்டும். சோதனைத் தளத்தில் ஓடிக்காட்ட வேண்டும். அதன் பின்னரே அது மக்கள் பயன்படுத்தும் தளத்துக்கு, எங்கள் பேச்சில் லைவுக்கு, தானாகப் போய்ச் சேரும். அதில் நேரே கைவைக்கும் வழியைப் பூட்டிவிட்டீர்கள். ஏன் என்ற இடத்தில் 'சும்மா' என்று எழுதிய ஒருவரிடம், "சும்மாதான் மாத்துனீங்கன்னா, சும்மாவே இருந்திருக்கலாமே தம்பி" என்று தாங்கள் கேட்டதை, கேட்கப்பட்டவரே இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

மடல் என்றால் போற்றப்படுபவரை நோக்கிப் பேச வேண்டும். ஆயினும் இனி நாங்கள் சொல்லப்போவதை முகத்துக்கு நேரே சொன்னால், நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே அவையை நோக்கிச் சொல்கிறோம். தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

ஏழாண்டுக்கு முன் நடந்தது இது. அப்போது எல்லோருக்கும் பூட்டியிருந்த லைவுக்கு ஒரே ஒரு சாவி மிச்சம் இருந்தது. அவசரத்துக்கு ஒருவரிடமாவது இருக்கட்டும் என்று அதை அக்காவிடம் விட்டுவைத்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனை ஒன்றின் மருந்தாளுநர் தொலைபேசியில் அழைத்தார். பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும்கூடக் குளிர்ப்பெட்டி வேண்டுமா என்று படிவம் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். நூற்றுச் சொச்சம் வரிகளாம். அந்தக் கேள்வியைக் கேட்கவைக்கும் டிக்கை மட்டும் எடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகுமாம். எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான படிவம் அது. அக்கா எடுத்துவிட்டார். எழுதவில்லை, யாரிடமும் காட்டவில்லை. மதியத்துக்குள் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தார். இடையில் ஒரு கூட்டம் வந்தது. மறந்தார்.

புதன்கிழமை, படிவம் கேட்காததால் யாரும் குளிர்ப்பெட்டி என்று குறிக்காமல், இரண்டு மருத்துவமனைகளின் தடுப்பூசிகள் சாதாரண வண்டியில் வெயிலோடு போய்ச் சேர்ந்தன. அத்தனையும் வீண். உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற தாய்மார்கள், நாளைக்கு வாருங்கள் என்ற சொல்லோடு திரும்பிப் போனார்கள்.

அந்தப் படிவத்தில் கடைசியாகக் கைவைத்தது யார் என்று இயக்குநர் கேட்டார். வரலாற்றைத் திறந்தார்கள். திங்கட்கிழமைத் தேதியில் ஒரே ஒரு பெயர் இருந்தது. நாங்கள் மாப்பிள்ளை என்று அழைப்பவரின் பெயர் அது. தினமும் மடிப்புக் கலையாத சட்டையில் வருவதால் அந்தப் பெயர். வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டு, நாற்பது வயதுக்கு மேல் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தவர், இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பனார், இன்னும் நிரந்தரமாகாதவர். அவர் மாற்றியதெல்லாம் படிவத்தின் தலைப்பெழுத்தின் அளவு மட்டுமே. சொல்லிப் பார்த்தார்.

இயக்குநர் குரலை உயர்த்தவில்லை. "வரலாறு பொய் சொல்லாதுன்னு உங்க பூட்டக்காதானே எல்லாருக்கும் வகுப்பு எடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமையோடு அவரை நிறுத்திவிடக் கடிதம் தயாரானது.

வியாழக்கிழமை காலை, பிழையைத் திருத்தும் வேலை அக்காவிடம் வந்தது. வரலாற்றில் இருந்த படிவத்தையும் லைவில் ஓடிய படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டார். ஒரே ஒரு டிக் வேறுபட்டது. அது யார் கை என்று அவருக்கு உடனே தெரிந்தது. நேரடியாக எடுத்த டிக்குக்குத் தடம் கிடையாது. வரலாறு பொய் சொல்லவில்லை. அவர்தான் அதற்குச் சொல்லாமல் விட்டிருந்தார். தான் கட்டிய சாட்சிக்கூண்டில் தனக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கிறார் என்பது அப்போது அவருக்கு விளங்கியது.

தேநீர் எந்திரத்தின் அருகே, தரவுத்தளத்தைக் கவனிக்கும் பழைய தோழியிடம் மட்டும் சொன்னார். தோழி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வாயை மூடிட்டு டிக்கைத் திரும்பப் போடு. தடமே இல்லேங்கிற, அப்புறம் என்ன?" என்றார்.

"டிக்கைப் போட்டுரலாம். அவர் பேர் மேல விழுந்ததை எந்தக் கமாண்டைப் போட்டு எடுப்பே?"

தோழி தேநீரைக் குடிக்காமலேயே கொட்டினார்.

அக்கா இருக்கைக்குத் திரும்பி, முறைப்படி ஒரு மாற்றத்தை எழுதினார். ஏன் என்ற இடத்தில் அவர் எழுதியது இது: 'செவ்வாய்க் காலை நான் யாருக்கும் சொல்லாமல் லைவில் எடுத்த குறியைத் திரும்ப வைக்கிறேன். மருந்து கெட்டதற்கு இதுவே காரணம். திங்கட்கிழமை மாற்றத்துக்கு இதில் பங்கில்லை.' படித்து ஒப்ப வேண்டியவர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயரைப் போட்டு அனுப்பினார்.

கால்மணி நேரம் கழித்து மாப்பிள்ளை வந்து அவர் மேசையருகே நின்றார். "அக்கா, இதுக்கு நான் ஓகே குடுத்தா உங்க வேலை போயிடும்."

"குடுக்கலேன்னா உன் வேலை போகும். எழுதினது உண்மையா இல்லையா, அதை மட்டும் பார்."

"இதை எப்படி அக்கா நான்..."

"உட்கார்ந்து படி. நின்னுக்கிட்டே படிச்சா ஒண்ணும் புரியாது."

அவர் உட்கார்ந்தார். மூன்று வரியைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. பிறகு ஒப்பினார்.

தனியாக வந்து தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று இயக்குநர் வருத்தத்தோடுதான் கேட்டார். அதற்கு அக்கா, "தனியாச் சொன்னா உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும் சார். அவர் பேரு அங்கேயேதானே நிக்கும்" என்றார். கடிதம் கிழிந்தது. அந்த மாதம் அக்காவுக்கு வரவேண்டிய தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. அவரே இம்மடலில் முதலாவதாக ஒப்பமிட்டிருக்கிறார். அக்கா கேட்டது ஒன்றுதான்: மிச்சமிருந்த அந்தச் சாவியையும் தன்னிடமிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்தார்கள். அன்றுமுதல் லைவில் மனிதக் கை படுவதில்லை. புதிதாக வேலைக்கு வருவோர்க்கு நாங்கள் முதலில் காட்டுவது அந்த மூன்று வரிகளைத்தான்.

பெருந்தகையீர்! இனித் தங்களிடமே பேசுகிறோம். தங்களை எழுந்து போகவிடாமல் உட்கார வைத்ததே இம்மடலின் முதல் வெற்றி.

சென்ற வாரம், ஒப்புதல் தருவோர் பட்டியலிலிருந்து தங்கள் பெயரை நீக்கும் மாற்றத்தையும் தாங்களே எழுதி, தங்கள் இடத்துக்கு வரும் மாப்பிள்ளைக்கே அனுப்பினீர்கள். 'சோதித்தீர்களா?' என்று கேட்டு ஒருமுறை திருப்பினார். சோதித்து அனுப்பினீர்கள். 'பழையபடி ஆக்க வழி எழுதவில்லை' என்று மறுமுறை திருப்பினார். அதையும் எழுதினீர்கள். மூன்றாம் முறை பதிலே இல்லை. என்னதான் தப்பு என்று அவர் மேசைக்கே போய்க் கேட்டீர்கள்.

"ஒரு தப்பும் இல்லை அக்கா. அதான் கை வரமாட்டேங்குது" என்றார்.

இன்று மாலை மூன்று மணிக்கு, இந்த அரங்குக்கு வரும் முன்னர், அவர் ஒப்பிவிட்டார். சோதனைகள் எல்லாம் தேறின. நான்கு நிமிடத்தில் அந்த மாற்றம் லைவைச் சென்றடைந்தது. ஆர்டர்கள் நிற்காமல் வந்தவண்ணம் இருக்கின்றன. தாங்கள் இல்லாமலேயே ஓடுகிறது அக்கா. இதைச் சொல்ல எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும் முப்பத்தோராண்டு தாங்கள் பாடுபட்டது இதற்காகவே என்பதால் சொல்லிவிடுகிறோம்.

நோயற்ற உடலும், நிறைந்த உள்ளமும், யாரும் அவசரம் என்று அழைக்காத காலைகளும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்.

எழுதியும், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்தியும், ஒருமனதாக ஒப்பியும் அளிப்போர்,
வெளியீடு, சோதனை, தரவுத்தளம், வாடிக்கையாளர் உதவி ஆகிய பிரிவுகளின் பணியாளர்கள்