படத்தில் கடலும் மலையும்

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் வாலாஜாபாத் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். அதே பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும். அவளுடைய முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது. ஒட்டுக்கேட்கும் ஆசை எனக்கில்லை. காதை மூடிக்கொள்ளவா முடியும்?

"வைசாக்ல மாரத்தான் ஓடின ஃபோட்டோவ ஸ்டேட்டஸ்ல போட்டுருக்கறீங்க. கடல் இருக்குது, மலை இருக்குது, நீங்க இருக்கறீங்க. நான் எங்க போனேன்?"

"ஓரத்துல கொஞ்சம் வெட்டினேன், அவ்ளோதான்."

"அந்த ஓரத்துலதான் நான் காலப் புடிச்சிக்கினு உக்காந்துருந்தேன்."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஜோடியா ஓடலாம்னு தென்னேரி ஏரிக்கரையில தெனம் என்னை ஓட வெச்சது யாரு? மலை ஏத்தத்துல விழுந்தப்ப திரும்பிப் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். வாலண்டியருங்கதான் வந்துக்கினு இருந்தாங்களே. நின்னா டைம் போயிடும்மா."

"இப்ப தறி மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எவளோ கட்டிக்க வேண்டிய கல்யாணப் புடவை பாதியில நிக்குது."

"அதுக்கு இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

அவள் பதில் சொல்வதற்குள் பஸ் உள்ளே திரும்பியது. கூட்டம் எழுந்து ஓடியது. ஜன்னல் வழியாக கர்சீப் போட்டு சீட்டுப் பிடிக்க அவனும் ஓடினான். பாதியில் அவள் நினைவு வந்து நின்று, திரும்பிப் பார்த்தான்.

"ஓடுங்க," என்றாள். "நின்னா டைம் போயிடும்."